ஆராய்ச்சி கைடுகளுக்கு ஒரு திறந்த மடல்: உங்க புரோட்டோகாலை ராத்திரி ட்யூட்டி ஆளும் படிக்கிறார்

சார்களுக்கும் மேடம்களுக்கும் வணக்கம்.

நான் ஆராய்ச்சிக்கான எலி, சுண்டெலியெல்லாம் வெச்சு வளர்க்கற அனிமல் ஹவுஸ்ல வேலை பாக்கற வெட்டினரி டாக்டர். உங்க ஸ்காலர்ஸ் எத்திக்ஸ் கமிட்டிக்கு அனுப்பற புரோட்டோகால், அதாவது விலங்குகளை வெச்சு என்ன பண்ணப்போறோம்ங்கற திட்டம், எல்லாம் கமிட்டி உக்கார்றதுக்கு முன்னாடி என் கைக்கு வருது, அப்ரூவல் ஆனதுக்கப்புறம் அதே பேப்பர் வேலைக்காக திரும்ப என் கைக்கே வருது. ரெண்டு தடவையும் படிக்கிற ஆளா சொல்றேன், நீங்க எழுதறது முதல் தடவை படிக்கிறவங்களை மட்டும் மனசுல வெச்சு எழுதறது. கமிட்டில பாஸ் ஆகணும், அவ்வளவுதான். அப்ரூவல் நம்பர் வந்துட்டா அந்த ஃபைலை அப்புறம் யாரும் திறக்கறதில்ல, ஜர்னலுக்கு பேப்பர் அனுப்பும்போது நம்பரை மட்டும் காப்பி பண்ணத் திறப்பாங்க.

ஆனா அந்த ஃபைலை நம்பி நிக்கற ஒரு ஆள் இருக்கார். லீவு நாள் ராத்திரி ட்யூட்டில இருக்கற அட்டெண்டர் அண்ணன். ரூமுக்குள்ள வர்றார், ரேக்கை ஒரு சுத்து பாக்கறார், ஒரு கேஜ்ல மூடியைத் தூக்கினதும் நாலு சுண்டெலி சிதறி ஓடுது, அஞ்சாவது மூலைலயே இருக்கு. முதுகு வளைஞ்சிருக்கு, முடி சிலிர்த்துக்கிட்டு நிக்குது, கண்ணு பாதி மூடியிருக்கு. இப்போ இவர் என்ன செய்யணும்? காலைல வரைக்கும் விடலாமா, எனக்கு போன் பண்ணணுமா, வலி ஊசிக்கு சொல்லணுமா, இல்ல இதோட முடிச்சுடணுமா? பதில் உங்க புரோட்டோகால்ல இருக்கணும். அதுல இருக்கறது என்னன்னா, "விலங்குகள் வலி அல்லது வேதனையின் அறிகுறி காட்டினால் தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்".

இந்த ஒரு வரியை நான் எத்தனை ஃபார்ம்ல பாத்திருப்பேன்னு சொல்ல முடியாது, கமா கூட மாறாம வரும், ஒரு ஸ்காலர்கிட்டேர்ந்து அடுத்த ஸ்காலருக்கு பென் டிரைவ்லயே வழிவழியா வந்துட்டிருக்கு. எந்த அறிகுறி? யார் பாப்பாங்க, எத்தனை மணிக்கு ஒருதடவை? நடவடிக்கைன்னா என்ன? அதை எடுக்க யாருக்கு அதிகாரம்? நாலு கேள்விக்கும் அந்த வரில பதில் இல்ல. கமிட்டி அதைப் பாத்துட்டு டிக் போட்டு விட்டுடுது, அதுக்கு கமிட்டியையும் திட்டணும், நானும் அதுல உக்கார்றவன்தான், ஆனா இந்த மடல் உங்களுக்கு.

அறிகுறியிலேர்ந்தே ஆரம்பிக்கறேன். எலியும் சுண்டெலியும் மத்ததுங்க அடிச்சு திங்கற பிராணி, சோர்ந்திருக்கறதை வெளிய காட்டினா முதல்ல மாட்டறது அதுதான், அதனால பக்கத்துல ஆள் நின்னா முடிஞ்ச வரைக்கும் காட்டிக்காது. நீங்க பகல்ல வர்றீங்க, அது தூங்கற நேரம், ஒரு நிமிஷம் எட்டிப் பாத்துட்டு "ஆல் நார்மல்"னு லாக்புக்ல எழுதிட்டுப் போயிடறீங்க. தள்ளி நின்னு கொஞ்ச நேரம் சும்மா பாக்கணும், அதுக்கப்புறம் மூடியைத் திறக்கணும். கூடு கட்டியிருக்கான்னு பாக்கறது இன்னும் சுலபம், சுண்டெலிக்கு சாயங்காலம் கூடு கட்ட பேப்பரோ பஞ்சோ போட்டா நல்லா இருக்கறது காலைலக்குள்ள கிழிச்சு கட்டி வெச்சிருக்கும், வலில இருக்கறது போட்ட இடத்துலயே போட்டபடி விட்டிருக்கும். முகத்தைப் பாத்து மார்க் போடற முறையும் இருக்கு, 2010-லயே சுண்டெலிக்கு வெளியானது, கண்ணு இடுங்கறது, மூக்கு மேடு, கன்னம் உப்பறது, காது நிலை, மீசை நிலை, அஞ்சு விஷயம், ஒவ்வொண்ணுக்கும் 0, 1 இல்லன்னா 2. அடுத்த வருஷமே எலிக்கும் வந்துடுச்சு. இது பெரிய வித்தையெல்லாம் இல்ல, அட்டெண்டர் அண்ணனுக்கு போட்டோ காட்டிச் சொல்லிக்குடுத்தா சில நாள்ல கத்துக்கறார், பல ஸ்காலர்ஸை விட நல்லாவே போடறார்.

அப்புறம் எடை. "20 சதவீதம் எடை குறைந்தால்"னு எழுதறவங்க இப்போ கொஞ்சம் பேர் இருக்காங்க, அதுக்கே சந்தோஷம். ஆனா எதுலேர்ந்து 20? ஆறு வார எலி வளர்ற வயசுல இருக்கு, அது எடை இறங்காம அப்படியே நின்னாலே அது நோயாளிதான், அதனால தொடக்க எடையோட மட்டும் இல்லாம அதே வயசு கண்ட்ரோல் எலியோட (ஒப்பிட்டுப் பாக்க எதுவும் செய்யாம வெச்சிருக்கறதோட) எடையோடயும் ஒப்பிடணும். வயித்துல நீர் கோத்துக்கற மாடல், டியூமர் மாடல் (மாடல்னா எலிக்கு அந்த நோயை நாமளே வரவெச்சுப் பாக்கறது) இதுலெல்லாம் தராசு பொய் சொல்லும், உள்ள கட்டி வளரவளர எடை ஏறிக்கிட்டே இருக்கும், ஆனா முதுகைத் தடவினா வெறும் எலும்புதான் கைல படும். அதுக்குத்தான் விரலால முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் தொட்டுப் பாத்து 1-லேர்ந்து 5 வரைக்கும் ஸ்கோர் போடறது, 3 நல்ல உடம்பு, 2 வந்தா உஷாரு, அதுக்கும் கீழ போனா இழுக்கக்கூடாது.

அந்த இடத்துல எப்படி எழுதியிருந்தா நான் சந்தோஷப்படுவேன்னு ஒரு மாதிரி சொல்றேன். "தொடக்க எடையில் 10 சதவீதம் குறைந்தால் அன்று முதல் தினம் இரண்டு வேளை பார்ப்போம், ஊறவைத்த தீனியைக் கேஜ் தரையிலேயே வைப்போம், வெட்டினரிக்குத் தகவல் தருவோம். 20 சதவீதத்தைத் தொட்டாலோ, உடல் ஸ்கோர் 2-க்குக் கீழ் போனாலோ, தொட்டும் நகராமல் கிடந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நான்கில் எது முதலில் வந்தாலும் அன்றைக்கே வலியில்லாமல் முடிப்போம். முடிவு ட்யூட்டி வெட்டினரியுடையது, கைடின் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை." இவ்வளவுதான், ஒரு பத்தி. இதை அப்படியே காப்பி பண்ணி எல்லா ஃபார்ம்லயும் ஒட்டிடாதீங்க, தயவுசெஞ்சு, பக்கவாத மாடலுக்கு வேற அறிகுறி, மூட்டுவாத மாடலுக்கு வேற அறிகுறி, கால் வீங்கின எலிக்கு தண்ணி பாட்டில் எட்டலைன்னா அதுவே ஒரு தனி பிரச்னை, அதுக்கு நீளமான மூக்கு உள்ள பாட்டில் வேணும்னு எழுதற ஆளைத்தான் நான் தேடிட்டிருக்கேன்.

அந்த கடைசி வாக்கியம், கைடுக்காக காத்திருக்க வேண்டியதில்லங்கறது, அதுலதான் உங்கள்ல நிறைய பேருக்கு கோபம் வரும்னு தெரியும். ராத்திரி போன் பண்ணா நீங்க எடுக்கறதில்ல, அது உங்க தப்பு இல்ல, தூங்கற நேரம். ஸ்காலர் எடுக்கறாங்க, எடுத்து "சார் இன்னும் ரெண்டே நாள், 28-ஆவது நாள் டைம் பாயிண்ட் முடிஞ்சிடும், அதுவரைக்கும் தாங்கிடும் சார்"னு கெஞ்சறாங்க. பாவம் அவங்க, அந்த ஒரு எலி போனா குரூப்புல எண்ணிக்கை குறையும், உங்ககிட்ட யார் பதில் சொல்றது. ஆனா யோசிச்சுப் பாருங்க, அது தாங்காது. விடியக்காலைல செத்துக் கிடக்கும், எப்போ செத்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, ஈரலும் குடலும் அழுக ஆரம்பிச்சிருக்கும், ரத்தம் உறைஞ்சிருக்கும், ஹிஸ்டாலஜிக்கு (திசுவை மைக்ரோஸ்கோப்ல பாக்கறதுக்கு) அனுப்பினா பத்தாலஜிஸ்ட் திருப்பி அனுப்பிடுவாங்க. ராத்திரியே முறையா முடிச்சிருந்தா ரத்தம் கிடைச்சிருக்கும், உறுப்பு ஃபார்மலின்ல நல்லபடியா போயிருக்கும், "இந்த எலி 26-ஆவது நாள் எண்ட்பாயிண்ட்டைத் தொட்டது"ன்னு (எண்ட்பாயிண்ட்னா இதுக்கு மேல இழுக்காம முடிச்சுடணும்ங்கற எல்லை) டேட்டாவாவும் கணக்குல வந்திருக்கும். அதனால முன்கூட்டியே எடுக்கற எலியிலேர்ந்து என்னென்ன சாம்பிள் எடுக்கணும், எந்த குப்பில போடணும்னு புரோட்டோகால்லயே எழுதி ஒரு கிட் தயார் பண்ணி ரூம்ல வெச்சுட்டா யாரும் யாருக்கும் போன் பண்ணி கெஞ்ச வேண்டியதே இல்ல.

சர்வைவல் ஸ்டடி, அதாவது எவ்வளவு நாள் உயிரோட இருக்குன்னு பாக்கற ஸ்டடி, பண்றவங்க உடனே கேப்பீங்க, எங்களுக்கு சாவுதானே அளவுகோல்னு. அவசியம் இல்ல. செப்சிஸ் (கிருமித் தொற்று உடம்பு பூரா பாதிக்கறது) மாடல்ல சாவறதுக்கு ரொம்ப முன்னாடியே உடம்பு சூடு விழ ஆரம்பிச்சிடும், ஒரு இன்ஃப்ரா ரெட் தெர்மாமீட்டர் போதும், எவ்வளவுக்கு கீழ போனா திரும்பாதுன்னு ஒரு சின்ன பைலட்ல (முன்னோட்ட ஸ்டடில) கண்டுபிடிச்சுட்டு அந்த எல்லையையே எண்ட்பாயிண்ட்டா வெச்சுக்கலாம். நாள் போகப்போக எத்தனை மிச்சம் இருக்குன்னு காட்டற கேப்லான் மெய்யர் கோடு வரையறதுக்கு "எண்ட்பாயிண்ட்டைத் தொட்ட நேரம்"ன்னு போட்டாலும் கோடு கோடாத்தான் வரும். எல்டி 50 கணக்கு, அதாவது பாதி எலி சாகற டோஸைக் கண்டுபிடிக்கறது, இன்னும் சில ஃபார்ம்ல வருது, அதைப் பாத்தா எனக்கு தலை சுத்துது, அந்த பழைய 401 கைட்லைனை ஓஇசிடி (டெஸ்ட் முறைகளை வகுக்கற சர்வதேச அமைப்பு) 2002-லயே எடுத்துட்டாங்க, அதுக்கு பதிலா 420, 423, 425-னு மூணு முறை இருக்கு, 423-ல ஒரு படிக்கு 3 எலிதான். ஒரு மூலிகை எக்ஸ்ட்ராக்டுக்கு 50 எலி கேட்டு எழுதற ஃபார்ம் எந்த காலத்துலேர்ந்து காப்பி ஆகி வந்துச்சுன்னு அந்த நம்பரைப் பாத்தே சொல்லிடலாம்.

டியூமர் குரூப்புக்கு தனியா ஒரு வார்த்தை. 2000 கன மில்லிமீட்டர் வரைக்கும் விடுவோம்னு எழுதறீங்க, அது பல இடத்துல ஒத்துக்கற எல்லைதான். ஆனா அது எவ்வளவுன்னு ஒருதடவை கணக்கு போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட 2 கிராம், 25 கிராம் சுண்டெலியில 8 சதவீதம், 60 கிலோ மனுஷனுக்குன்னா 5 கிலோ கட்டி விலாவுல தொங்கற மாதிரி. மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு 1000-லயே தெரிஞ்சிடும்னா எதுக்கு 2000 வரைக்கும் போகணும்? அதோட, வாரம் ஒருதடவை அளப்போம்னு எழுதியிருக்கீங்க, உங்க செல் லைன் (நீங்க ஏத்தற கேன்சர் செல்) மூணரை நாள்ல ரெட்டிப்பாகுதுன்னா போன வெள்ளிக்கிழமை 1000 இருந்தது இந்த வெள்ளிக்கிழமை 4000, எல்லையைத் தாண்டினதே உங்களுக்குத் தெரியாது. எல்லையை எழுதினா மட்டும் போதாது, எல்லையைப் பிடிக்கற அளவுக்கு அடிக்கடி அளக்கணும். கட்டி சின்னதா இருந்தாலும் மேல புண்ணாகி உடைஞ்சா அதுவும் எண்ட்பாயிண்ட்தான், அதை அநேகமா யாரும் எழுதறதில்ல.

சரி, எண்ணிக்கை. ஒரு குரூப்புக்கு 6. நார்மல் கண்ட்ரோல், டிசீஸ் கண்ட்ரோல், ஸ்டாண்டர்ட் டிரக், லோ டோஸ், மீடியம் டோஸ், ஹை டோஸ், ஆறாறு 36, இது ஏதோ வாய்ப்பாடு மாதிரி ஆயிடுச்சு. ஏன் 6-ன்னு கேட்டா முன்னாடி வந்த பேப்பர்ல 6 இருந்துச்சாம். ஸ்டேடிஸ்டிஷியன் கிட்ட போறதுக்கு முன்னாடி நீங்களே போடக்கூடிய ஒரு தோராயக் கணக்கு இருக்கு: நீங்க பாக்க விரும்பற வித்தியாசத்தை எஸ்டியால (ஸ்டாண்டர்ட் டீவியேஷன், டேட்டா எவ்வளவு சிதறுதுங்கற அளவு) வகுங்க, வர்றதை வர்க்கம் பண்ணுங்க, 16-ஐ அதால வகுங்க, அதுதான் ஒரு குரூப்புக்கு வேண்டியது, ரெண்டு குரூப்பை ஒப்பிடறதுக்கு, 80 சதவீத பவர் (வித்தியாசம் நிஜமா இருந்தா அதைப் பிடிக்கற வாய்ப்பு), 5 சதவீத சிக்னிஃபிகன்ஸ் அளவுல (இல்லாத வித்தியாசத்தை இருக்குன்னு சொல்லிடற வாய்ப்பு). ரத்த சர்க்கரைல 30 இறங்கினா எனக்கு முக்கியம், எஸ்டியும் 30-ன்னா வகுத்தா 1, குரூப்புக்கு 16, துல்லியமா போட்டா 17. 6 எலி வெச்சா எஸ்டியோட 1.8 மடங்கு வித்தியாசம் இருந்தாத்தான் அந்த 80 சதவீத வாய்ப்பு கிடைக்கும், அதாவது சர்க்கரை 54 இறங்கணும். உங்க மருந்து நிஜமாவே 30 இறக்கினாலும் அந்த 36 எலியும் பெரும்பாலும் "சிக்னிஃபிகன்ட் இல்ல"ங்கற பதிலுக்காக செத்ததா ஆகும். எண்ணிக்கையைக் குறைக்கணும்ங்கறதை கமிட்டில சில பேரே தப்பா புரிஞ்சுக்கிட்டு "6-ஐ 4 ஆக்குங்க"ன்னு சொல்றதை கேட்டிருக்கேன், அது சிக்கனமே இல்ல, பத்தாத எண்ணிக்கைல பண்ற ஸ்டடில ஒவ்வொரு எலியும் வீண். குறைக்கணும்னா குரூப்பைக் குறைங்க, மூணு டோஸ் நிஜமாவே வேணுமா, இல்ல பைலட்ல ஒரு டோஸை தேர்ந்தெடுத்துட்டு அதை ஒழுங்கான எண்ணிக்கைல பண்ணலாமான்னு யோசிங்க. ஆபரேஷன்ல 15 சதவீதம் போகும்னு உங்க அனுபவத்துல தெரிஞ்சா 17-ஐ 0.85-ஆல வகுத்து 20 கேளுங்க, காரணத்தை எழுதுங்க, யாரும் மறுக்க மாட்டாங்க.

எதை ஒண்ணுன்னு எண்ணறோம்ங்கறதும் இங்கதான் வருது. மருந்தை தண்ணி பாட்டில்ல கலந்து குடுக்கறீங்க, ஒரு கேஜ்ல 5 சுண்டெலி, எல்லாம் ஒரே பாட்டில். உங்க எண்ணிக்கை 5 இல்ல, 1. கேஜ்தான் யூனிட். வாய் வழியா வயித்துக்குள்ள விடற கவாஜ் டியூப்ல தனித்தனியா குடுத்தா எலியே யூனிட்டா இருக்கலாம், ஆனா லோ டோஸ் எல்லாத்தையும் ஒரே கேஜ்லயும் ஹை டோஸ் எல்லாத்தையும் இன்னொரு கேஜ்லயும் போட்டா வித்தியாசம் டோஸால வந்துச்சா, கேஜால வந்துச்சான்னு பிரிக்க முடியாது, மேல் தட்டு கேஜுக்கு வெளிச்சம் அதிகம், ஒரு கேஜ்ல ஒரு முரட்டு ஆண் எல்லாத்தையும் கடிச்சுக்கிட்டு இருக்கும், இப்படி எதுவும் இருக்கலாம். "ரேண்டமா பிரிச்சோம்"னு எழுதிட்டு கையை விட்டு கைல மாட்டினதை எடுத்து கண்ட்ரோல்ல போடறாங்க, முதல்ல கைல மாட்டறது மந்தமானது, கடைசில மாட்டறது சுறுசுறுப்பானது, ரெண்டு குரூப்பும் முதல் நாளே வேற வேற. கம்ப்யூட்டர்ல ரேண்டம் நம்பர் எடுக்க எவ்வளவு நேரம் ஆகப்போகுது. மார்க் போடற ஆளுக்கு எது எந்த குரூப்புன்னு தெரியக்கூடாதுன்னும் (அதான் பிளைண்டிங்) எழுதுங்க, எது எந்த குரூப்புங்கற ரகசியக் குறிப்பை யார் வெச்சிருப்பாங்கன்னும் எழுதுங்க. ஆண் எலி மட்டும்னு எழுதறதுக்கு "ஹார்மோன் சுழற்சியால் பெண் எலி டேட்டா சிதறும்"னு ஒரே காரணம் சொல்றீங்க, 2014-ல நிறைய ஸ்டடியை சேர்த்துப் பாத்ததுல பெண் சுண்டெலி டேட்டா ஆணை விட அதிகமா சிதறலைன்னு வந்தாச்சு, அந்தக் காரணம் இனிமே ஓடாது.

மாற்று வழி இருக்கான்னு கேக்கற கட்டத்துல "இல்லை"ன்னு ஒரே வார்த்தை. ரஸ்ஸல், பர்ச்னு ரெண்டு இங்கிலாந்து விஞ்ஞானிங்க 1959-ல மாற்று, குறைப்பு, மேம்பாடுன்னு மூணு ஆரை (இங்கிலீஷ்ல மூணும் ஆர்ல ஆரம்பிக்கும்) எழுதினப்போ முதல் ஆரே இதுதான், அது இன்னிக்கு ஃபார்ம்ல ஒரு வார்த்தைல முடியுது. எந்த டேட்டாபேஸ்ல தேடினீங்க, என்ன வார்த்தை போட்டு, எந்த தேதில, என்ன கிடைச்சுது, கிடைச்சது ஏன் உங்க கேள்விக்குப் பத்தாது, இதை எழுதுங்க. தோல் எரிச்சல் டெஸ்டுக்கு மனுஷ செல்லால வளர்த்த தோல் மாடல் இருக்கு, ஓஇசிடி 439, அதுக்கு முயல் கேட்டு வந்தா நான் திருப்பித்தான் அனுப்புவேன். மொத்தமா மாத்த முடியாதுன்னாலும் பாதி மாத்தலாம், எட்டு எக்ஸ்ட்ராக்டை லேப்ல வளர்க்கற செல் லைன்ல வடிகட்டி ரெண்டை மட்டும் எலிக்குக் கொண்டு வரலாம்.

வலி மருந்து பத்தி. "வலி நிவாரணி எங்க ரிசல்ட்டை பாதிக்கும்"னு எழுதி அந்தக் கட்டத்தையே மூடிடறீங்க. வலி மட்டும் ரிசல்ட்டை பாதிக்காதா? வலில கார்டிகோஸ்டெரோன்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறும், சாப்பாடு குறையும், இம்யூன் வேலை மாறும், காயம் ஆறறது தள்ளிப்போகும், இது எல்லாமே உங்க டேட்டாலதான் வந்து உக்காரும், அதுவும் ஒவ்வொரு எலிக்கும் ஒவ்வொரு அளவுல. இன்ஃப்ளமேஷன் (அழற்சி) பாக்கறதால அதையும் சேர்த்துக் குறைக்கற மெலாக்சிகாம் மாதிரி மருந்து வேணாம்னா அது நியாயம், அப்போ ஓபியாய்டு (மார்ஃபின் வகை) ஏன் வேணாம்னு சொல்லுங்க, அதுவும் வேணாம்னா வெட்டற இடத்துல லோக்கல் அனஸ்தீசியாவாவது போடலாமேன்னு நான் கேப்பேன், அதுக்கும் பதில் வெச்சுக்கிட்டு வாங்க. அந்த ஓபியாய்டுல புப்ரெனார்ஃபின்னு எழுதறவங்க எத்தனை மணிக்கு ஒருதடவைன்னு எழுதுங்க, சாதா புப்ரெனார்ஃபின் சுண்டெலிக்கு சில மணி நேரம்தான் தாங்கும், சாயங்காலம் 5 மணிக்கு ஒரு ஊசி போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டா ஆபரேஷன் பண்ண முதல் ராத்திரி பூரா அது வலியோடதான் இருக்கும், அதுதான் ரொம்ப வலிக்கற ராத்திரி. அப்போ ராத்திரி டோஸை யார் போடறது? மறுபடியும் அந்த அண்ணன் பேர்தான் வருது, அவருக்கு ஊசி போட டிரெயினிங் குடுத்தீங்களா, அவர் பேர் புரோட்டோகால்ல இருக்கா?

மயக்க மருந்துக்கு கீட்டமின் சைலசின் டோஸ் எழுதறீங்க, சூடு எழுதறதில்ல. சின்ன உடம்பு, மயக்கத்துல சர்ருனு சூடு இறங்கிடும், ஹீட்டிங் பேட் இல்லன்னா ஆபரேஷன் நல்லா பண்ணியும் எலி எழுந்திருக்காது. கண்ணு திறந்தே இருக்கும், காஞ்சுபோகும், களிம்பு போடணும். எலிக்கு வாந்தி எடுக்கவே வராது, அதனால மனுஷங்களுக்கு மாதிரி ஆபரேஷனுக்கு முன்னாடி ராத்திரி பட்டினி போடறதுக்கு அர்த்தமே இல்ல. குளுக்கோஸ் டாலரன்ஸ் டெஸ்டுக்குக்கூட (உடம்பு சர்க்கரையை எப்படி சமாளிக்குதுன்னு பாக்கறது) சுண்டெலியை 16 மணி நேரம் பட்டினி போட்டா அது சாப்பிடற ராத்திரி நேரம் முழுக்க போயிடும், ஒரே ராத்திரில உடம்பு எடைல 10 சதவீதத்துக்கு மேல இறங்கலாம், காலைலேர்ந்து 6 மணி நேரம் பல வேலைக்கு போதும்.

ரத்தம் எடுக்கறதுல கணக்கு இடிக்கறது எனக்கு ஒரு நிரந்தர தலைவலி. 25 கிராம் சுண்டெலி உடம்புல மொத்த ரத்தமே 1.8 மில்லிகிட்டதான், ஒரு தடவைல 10 சதவீதம் எடுக்கலாம், 0.18 மில்லி, எடுத்தா ரெண்டு வாரம் விடணும். ஸ்காலர் வாங்கி வெச்சிருக்கற கிட் எல்லாத்துக்கும் சேர்த்து அரை மில்லி சீரம் கேக்குது, அரை மில்லி சீரத்துக்கு ஒரு மில்லி ரத்தம் வேணும், வாரா வாரம். கிட் வாங்கறதுக்கு முன்னாடி இதை கூட்டிக் கழிச்சுப் பாத்திருந்தா அவங்களே அசிங்கப்பட்டு மாத்தியிருப்பாங்க. வாரா வாரம் வேண்டியதுக்கு ஒரு சொட்டுல வர்ற டெஸ்டை வெச்சுக்கிட்டு, மீதியை கடைசி நாள் ஆழ்ந்த மயக்கத்துல இதயத்துலேர்ந்து எடுக்கலாம், அப்போ ஒரு மில்லி கிட்ட கிடைக்கும்.

இன்னும் சில்லறை விஷயங்கள், ஆனா எலிக்கு சில்லறை இல்ல. ஒரே ஊசியை கேஜ் முழுக்க போடாதீங்க, ஆளுக்கொரு ஊசி. சுண்டெலியை வாலைப் பிடிச்சுத் தூக்கினா பயம் ஏறுதுன்னும், குழாய்க்குள்ள விட்டோ உள்ளங்கைல ஏந்தியோ எடுத்தா குறையுதுன்னும் 2010-லயே காட்டியாச்சு, பயத்தை அளக்கற பிஹேவியர் ஸ்டடி பண்றவங்களே இன்னும் வாலைப் பிடிச்சுத் தூக்கிட்டு வர்றாங்க, என்னத்த சொல்ல. ரூம் 22 டிகிரில நமக்கு வசதியா இருக்கு, சுண்டெலிக்கு வசதி 30 கிட்ட, கூடு கட்ட பொருள் நிறைய குடுத்தா அதுவே சமாளிச்சுக்கும், குடுக்கலைன்னா நீங்க அளக்கற மெட்டபாலிசம் குளிர்ல நடுங்கற சுண்டெலியோட மெட்டபாலிசம். தனியா ஒரு கேஜ்ல வெக்கணும்னா ஏன்னு எழுதுங்க. முடிக்கறதுக்கு கார்பன் டை ஆக்சைடுன்னு மட்டும் எழுதாதீங்க, வேகத்தை எழுதுங்க, பெட்டி கொள்ளளவுல நிமிஷத்துக்கு 30-லேர்ந்து 70 சதவீதம்ங்கறது அமெரிக்க வெட்டினரி சங்கத்தோட 2020 கைட்லைன், ஃப்ளோ மீட்டர் இல்லாத சிலிண்டரை வெச்சுக்கிட்டு அதை யாரும் செய்ய முடியாது. செத்துச்சான்னு எப்படி உறுதி பண்ணுவீங்கன்னு ஒரு வரியும் வேணும்.

இது எல்லாம் கமிட்டி கூட்டத்துல பேசி சரி பண்ணக்கூடிய விஷயம் இல்ல, அதான் எனக்கு ஆதங்கம். நிதி வந்தாச்சு, மருந்து வாங்கியாச்சு, ஸ்காலருக்கு மூணாவது வருஷம் ஓடிட்டிருக்கு, திங்கக்கிழமை எலி வந்து இறங்கப்போகுது, அந்த நிலைல ஃபார்ம் என் மேஜைக்கு வருது. அப்போ நான் டிசைனைப் பத்தி வாய் திறந்தா நான்தான் வில்லன். நார்வேல இருக்கற நோரெகோபாங்கற, இந்த மூணு ஆருக்கான அமைப்பு பக்கத்துலேர்ந்து 2017-ல வந்த பிரிப்பேர்ங்கற கைட்லைன் அனிமல் ஹவுஸ் ஆளுங்களோட பேச்சை பிளானிங்லயே ஒரு பாகமா வெச்சிருக்கு. விலங்கு ஆராய்ச்சியை பேப்பர்ல எப்படி எழுதணும்னு சொல்ற அரைவ் கைட்லைன் உங்களுக்குத் தெரியும், 2010-ல வந்து 2020-ல திருத்தினது, ஜர்னல்காரங்க கேக்கறாங்கன்னு பேப்பர் எழுதற அன்னிக்கு அந்த செக்லிஸ்டை திறக்கறீங்க, ரேண்டமைசேஷன் எப்படி பண்ணீங்க, பிளைண்டிங் யார் பண்ணாங்க, எந்த எலியை ஏன் விட்டீங்கன்னு கேக்குது, எலியெல்லாம் முடிஞ்சு போனதுக்கப்புறம் அதுக்கு நிஜமான பதில் எங்கேர்ந்து வரும். அந்த செக்லிஸ்டை புரோட்டோகால் எழுதற முதல் நாளே பக்கத்துல வெச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

நடுவுல எதையாவது மாத்தணும்னா மாத்துங்க, டோஸ் ஒத்து வரலை, ஸ்ட்ரெயின் (எலி ரகம்) கிடைக்கலை, எல்லாம் நடக்கறதுதான். ஒரு பக்கம் அமெண்ட்மெண்ட் எழுதி அனுமதி வாங்கிட்டு மாத்துங்க, மாத்திட்டு எனக்கு வாட்ஸாப்ல தெரிவிக்காதீங்க.

அடுத்த கூட்டத்துக்கு ஃபார்ம் தர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி, மருந்து ஆர்டர் போடறதுக்கும் முன்னாடி, டிராஃப்டோட அனிமல் ஹவுஸுக்கு ஒருதடவை வாங்க. ஸ்காலரை மட்டும் அனுப்பாதீங்க, நீங்களும் வாங்க, ஸ்டேடிஸ்டிக்ஸ் ஆள் யாராவது இருந்தா அவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க. டோஸ், வால்யூம், மயக்க மருந்து, வலி மருந்து எல்லாத்துக்கும் நான் உக்காந்து எழுதித் தர்றேன். அறிகுறிக்கு மார்க் போடற ஸ்கோர் ஷீட்டை மட்டும் நான் தனியா எழுத மாட்டேன், அதை நீங்களும் ராத்திரி ட்யூட்டி அண்ணனும் ஒரு மேஜைல உக்காந்து எழுதணும், அவர் படிச்சுட்டு "புரியுது சார், இந்த நிலைக்கு வந்தா நான் இதை செய்யணும்"னு சொல்லி கையெழுத்துப் போட்டாத்தான் நான் என் கையெழுத்தைப் போடுவேன்.

இப்படிக்கு,
உங்க ஃபார்மை ரெண்டு தடவை படிக்கிற வெட்டினரி டாக்டர்